தேர் அசையலாம், வேன் ஆடலாமா?

நம்மாளுங்க குடும்பத்தோட வெளியூர் போக வேன் பேசும்போது என்னென்ன கேக்கறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? ஏசி நல்லா இருக்குமா, சீட்டு சாயுமா, டிவி ஓடுமா, மேல கேரியர் பெருசா, கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு. "வளைவுல வண்டி ஆடுமா?"ன்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனா திண்டிவனம் தாண்டறதுக்குள்ள எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு பிளாஸ்டிக் கவரைத் தேடறதும் அதே குடும்பம்தான்.

டிரைவரைக் கேட்டா "வேன்னா அப்படித்தான் சார் ஆடும்"னு ஒரே வரியில முடிச்சிடுவார். நான் இதை ஒத்துக்கறதா இல்லை. பக்கவாட்டு ஆட்டத்துல பெரும்பங்கு நாமளே ஏத்தி வெக்கறது. அதைக் குறைக்கறேன்னு கிளம்பறவங்களும் தலைகீழ் வரிசையில செலவு பண்றாங்க. விலை ஜாஸ்தியான சாமானை முதல்ல மாட்டறாங்க, டயர்ல காத்து பாக்கறதைக் கடைசிக்கு விட்டுடறாங்க.

இப்ப எதுக்கு இந்தப் பேச்சுன்னா, கோடம்பாக்கம் ஷூட்டிங்குல நடிகர்களுக்குன்னு நின்னுக்கிட்டிருந்த கேரவன் இப்ப குடும்பங்களுக்கும் வாடகைக்கு வர ஆரம்பிச்சிருக்கு. கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாவுக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ்-124ன்னு தனி தரநிலையே இருக்கு. எல்லாம் சந்தோஷம். ஆனா ஷூட்டிங் கேரவன் நாள் முழுக்க ஒரே இடத்துல நிக்கற வண்டி. அதே மாதிரி கட்டில், கக்கூஸ், தண்ணித் தொட்டி, கூரை மேல ஏசின்னு கட்டி, உள்ள குழந்தைகளைத் தூங்க வெச்சுக்கிட்டு ராத்திரி 80-ல போறது வேற கதை. நின்ன இடத்துல அழகா இருக்கற வண்டி, ஓடும்போதும் ஒழுங்கா இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

இதுல நம்ம தி.நகருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பசுல்லா ரோட்டுல வீடு வெச்சிருந்த என்.டி.ஆர், 1982-ல கட்சி ஆரம்பிச்சதும் ஒரு பழைய செவர்லே வேனை மாத்திக் கட்டி, அதுலயே ஆந்திரா முழுக்கச் சுத்தினார். ஓட்டினது மகன் ஹரிகிருஷ்ணா. வண்டியோட பேரு "சைதன்ய ரதம்". கூரை மேல ஏறி நின்னு பேசுவார், ஜனம் அலைமோதும், 1983 ஜனவரியில முதலமைச்சராவே ஆயிட்டார். அந்தக் கூரை மேல ஒரு ஆள் கனம் ஏறினது வண்டி நிக்கும்போதோ ஊர்ந்து போகும்போதோதான். நாம அதே இடத்துல பத்து சூட்கேஸ், பாத்திரக்கடையில வாங்கின அண்டா குண்டா, ரெண்டு தண்ணி கேன் எல்லாத்தையும் வெச்சுக் கட்டிட்டு ஹைவேல பறக்கறோம்.

ரதம்னு சொன்னதும் தேர் ஞாபகம் வருது. பங்குனித் திருவிழா ஏழாம் நாள் கபாலீஸ்வரர் தேர் மாட வீதியில வர்றதைப் பார்த்திருப்பீங்க. அவ்வளவு உசரம், அசைஞ்சு அசைஞ்சுதான் வருது. ஆனா கவுந்துடுமோன்னு யாரும் பதர்றதில்லை. கீழ்த்தட்டைப் பாருங்க, சிற்பம் செதுக்கின கனமான மரம். மேல போகப்போக மூங்கில், துணி, மாலைதான். கண்ணுக்குத் தெரியற உசரம் பெருசு, கனம் உக்காந்திருக்கற உசரம் சின்னது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோட 96 அடி, 300 டன்னு சொல்றாங்க. அதுலயும் இதே கணக்குதான், கனம் கீழே. போதாததுக்கு திருச்சி பெல் நிறுவனம் போட்டுக் கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் வேற.

இது தெரிய இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். கொலு சமயத்துல வடக்கு மாட வீதியில விக்கற தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை போதும். அடியில கனம் இருக்கறதால தள்ளிவிட்டாலும் எழுந்து உக்காருது. அதோட தலையில ஒரு குண்டைக் கட்டிட்டு தள்ளிப் பாருங்க.

வேனுக்குக் கணக்கு போடுவோம். மொத்த எடை 3,500 கிலோன்னு வெச்சுக்கோங்க. 200 கிலோ சாமானை தரைமட்டத்துல இருந்து கூரைக்கு, அதாவது 2.1 மீட்டர் மேல தூக்கி வெச்சா, வண்டியோட கனமையம் 12 சென்டிமீட்டர் உசருது. "அட, அரை அடி கூட இல்லையே"ன்னு சொல்லாதீங்க. வளைவுல வண்டியைச் சாய்க்கற நெம்புகோலோட நீளம் அது.

கேரவன்ல இதைவிட மோசமான ஆசாமி தண்ணித் தொட்டி. நம்ம ஊர் தண்ணி லாரி திரும்பும்போது மேல இருந்து தண்ணி தளும்பி ரோட்டுல ஊத்தறதைப் பார்த்திருப்பீங்க, பக்கத்துல பைக்குல போனவங்க குளிச்சும் இருப்பீங்க. பாதி நிரம்பின தொட்டியில தண்ணி மொத்தமா ஒரு பக்கம் ஓடும். வண்டி நிமிரும்போது மறுபக்கம் ஓடும். அதனால தொட்டி தாழ்வா இருக்கணும், உள்ள தடுப்புத் தகடு இருக்கணும், முடிஞ்சா முழுசா நிரப்பிப் போகணும், இல்லைன்னா காலி பண்ணிட்டுப் போகணும்.

சரி, குறைக்கறதுக்கு என் வரிசை இது. செலவு கம்மியானது முதல்ல.

1. டிரைவரோட வலது கால். பக்கவாட்டு விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 30 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவுல 40 கி.மீ. வேகத்துல திரும்பினா வண்டி எடையில 42 சதவீதம் அளவுக்கு பக்கவாட்டுல தள்ளும். 30-க்குக் குறைச்சா 24 சதவீதம்தான். பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைச்சதுல கிட்டத்தட்ட பாதி போயிடுச்சு. ஏலகிரியில 14 கொண்டை ஊசி, கொல்லிமலையில 70. பெருக்கிப் பார்த்துக்கோங்க.

2. காத்து. காலையில டயர் சூடாகறதுக்கு முன்னாடி, கம்பெனி சொன்ன அளவு, ஏத்தற சுமைக்கு ஏத்த மாதிரி. காத்து கம்மியான டயரோட பக்கச்சுவர் வளைவுல மடங்கும், அதுக்கு மேல எதை மாட்டினாலும் வீண். அளவுக்கு மேல அடிச்சாலும் தப்பு, பிடிப்பு போயிடும்.

3. சாமான். கனமானது கீழே, ரெண்டு பக்கமும் சமமா, ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல. மேல கேரியர் இருந்தே தீரணும்னா தலையணை, பெட்ஷீட்டோட நிறுத்திக்கோங்க. பின்சக்கரத்தைத் தாண்டி வாலுல கனம் வெச்சா, ஈசிஆர்ல கடல் காத்து குறுக்கே அடிக்கும்போதும் ஆம்னி பஸ் உரசிட்டுப் போகும்போதும் பின்பக்கம் தனியா ஆடும்.

4. ஷாக் அப்சார்பர், புஷ். ஷாக் போயிடுச்சுன்னா வண்டி ஒரு தடவை சாயறதோட நிக்காது, ஊஞ்சல் மாதிரி நாலு தடவை ஆடித்தான் அடங்கும். மேல எண்ணெய் கசிஞ்ச கறை தெரிஞ்சா மாத்துங்க. ரப்பர் புஷ் தேஞ்சிருந்தாலும் இதே கூத்துதான். அதோட விலை சொற்பம்.

5. ஸ்டெபிலைசர் பார். ரெண்டு பக்க சக்கரத்தையும் இணைக்கற முறுக்குக் கம்பி. வண்டி ஒரு பக்கம் சாயும்போது முறுக்கி எதிர்த்து நிக்கும். ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது சும்மா இருக்கும். நம்ம ஊருக்கு இதைவிட நியாயமான சாமான் இல்லை.

6. கூடுதல் ஸ்பிரிங் பட்டை, ஏர் பெல்லோஸ். இது கடைசி. நம்ம பட்டறைகள்ல முதல்ல சொல்றதே இதுதான்! பட்டை ஏத்தினா சாய்வு குறையும், ஆனா ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் நேரா பாட்டியோட இடுப்புக்குப் போகும். ஏர் பெல்லோஸ்ல இன்னொரு வம்பு. இடது வலது ரெண்டையும் ஒரே குழாய்ல இணைச்சா, அமுங்கற பக்கத்துக் காத்து மறுபக்கம் ஓடி சாய்வு இன்னும் ஜாஸ்தியாகும். தனித்தனிக் குழாய் அவசியம்.

"அப்போ நல்ல மொத்தமான ஸ்டெபிலைசரா போட்டுட்டா முடிஞ்சுதே"ன்னு கேப்பீங்க. முடியாது. ரோடு மேல ரோடு போட்டு, மூடி மட்டும் பள்ளத்துல கிடக்கற மேன்ஹோல் நம்ம ஏரியாவுல எத்தனை! ஒரு சக்கரம் மட்டும் அதுல இறங்கும்போது மொத்தக் கம்பி அந்த அடியை மறுபக்கத்துக்கும் கடத்தும், உள்ள இருக்கறவங்க தலை இப்படியும் அப்படியும் வெட்டும். ஆட்டத்தைச் சுத்தமா ஒழிக்க முடியாது. மெதுவா சாய்ஞ்சு, ஒரே தடவையில நிமிர்ந்தா போதும்.

"வாந்திதானே, ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்"னு இதைத் தள்ளிவிடறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டம்ங்கறது வண்டி முன்கூட்டியே நமக்குச் சொல்ற தகவல். இன்னும் கொஞ்சம் வேகம், திடீர்னு குறுக்கே ஒரு மாடு, டிரைவர் ஒரு வெட்டு வெட்டினா உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பற இடம் எவ்வளவு கிட்ட இருக்குன்னு அது சொல்லுது. மேல் பெர்த்துல பெல்ட் இல்லாம தூங்கற குழந்தைக்கு அந்தத் தகவல் போய்ச் சேராது. முன் சீட்டுல உக்காந்திருக்கற பெரியவங்கதான் கேட்டுக்கணும்.

அதனால அடுத்த தடவை வேனோ கேரவனோ பேசும்போது டிவியைப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி டயர் எந்த வருஷத்துதுன்னு கேளுங்க, ஷாக் எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க. டிரைவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், தங்கமணி "மானத்தை வாங்காதீங்க"ன்னு முறைப்பாங்க. பரவாயில்லை. பத்து பேர் கேட்டா பதினோராவது ஆளுக்கு பதிலோட தயாரா நிப்பாங்க.

டிஸ்கி: சேஸிஸ்ல கை வெக்கறதுக்கு முன்னாடி ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்க. அதுல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தறதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்குது. காத்தடிக்கவும், கூரையில இருந்து அண்டாவை இறக்கவும் எந்த அனுமதியும் தேவையில்லை :-)