ரெண்டு மீட்டர் எலும்பை எங்கே வைப்பது?

வீட்டில் ஒரு டைனோசர் எலும்பு இருந்தால் எப்படி இருக்கும்? ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கலாம், வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள். ஆசைதான். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் அதை எப்படிக் காப்பாற்றுவீர்கள்? நையாண்டிக்குக் கேட்கவில்லை. தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ஆகப் பெரிய எலும்பை, அரசாங்க விஞ்ஞானிகளே கண்டெடுத்தும் காப்பாற்ற முடியவில்லை.

எங்கள் காரைக்காலில் கடப்பாரையும் கையுமாக இறங்கினால் வண்டலும் மணலும் உப்புத்தண்ணீரும்தான் மிச்சம். நெரவியில் அலுவலகம் வைத்திருக்கும் ஓ.என்.ஜி.சி.க்காரர்கள் எண்ணெய்க்காகத் துளை போடுகிறார்களே, அந்த ஆழத்துக்குப் போனால்தான் டைனோசர் காலத்துப் பாறை வரும். அதே காவிரிப் படுகைப் பாறை, நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மேற்கே அரியலூர், பெரம்பலூர் பக்கம் தரைக்கு வந்து வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. அங்கே கல்லமேடு என்று ஒரு ஊர். அந்த ஊர் பெயராலேயே ஒரு பாறை அடுக்கு உண்டு, வயது ஏறக்குறைய 7 கோடி ஆண்டு. 1920களிலேயே சார்லஸ் மேட்லி என்ற வெள்ளைக்காரர் இந்த வட்டாரத்து டைனோசர் எலும்புகளை ஆராய்ந்து, 1929இல் கட்டுரை எழுதியிருக்கிறார்.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் கண்ட எலும்புகளைப் பற்றிய கட்டுரை 1989இல் வெளிவந்தது (அப்போது அது திருச்சி மாவட்டம்). இடுப்பெலும்பு ஒன்று, 1.2 மீட்டர். தொடை எலும்பின் ஒரு பகுதி, வாலின் முள்ளெலும்பு ஒன்று. கூடவே ஒரு கீழ்க்கால் எலும்பு, நீளம் 2 மீட்டர்! முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் மட்டும் ஆறரை அடி. அர்ஜென்டினாவில் கிடைத்த அர்ஜென்டினோசாரஸ் என்ற மலைமாதிரி விலங்குக்கே கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர்தான். பெயரும் பொருத்தமாகத்தான் வைத்தார்கள், பிருகத்காயோசாரஸ். பிருகத் காயம் என்றால் பெரிய உடம்பு. பின்னால் 'மேட்லியி' என்று அந்த வெள்ளைக்காரருக்கும் ஒரு மரியாதை.

முதலில் அதை மாமிசம் தின்னும் வகை என்றே எழுதினார்கள். 1995இல் சங்கர் சட்டர்ஜி இல்லை, இது நீளக் கழுத்துள்ள தாவர உண்ணி என்றார். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதன் எடை 110 டன்னுக்கு மேல் இருக்கலாம் என்று கணக்குப் போட்டது. அதாவது நீலத்திமிங்கலத்தோடு மல்லுக்கு நிற்கிற எடை. சரியா தவறா என்று யாராவது எலும்பைப் பார்த்துச் சொல்லட்டும் என்றால், எலும்பு இல்லை. அது சிதைந்து போய்விட்டது என்று 2017இல் அய்யாசாமியும் கால்டனும் எழுதினார்கள்.

இதில் இன்னொரு கூத்து. 1989 கட்டுரையில் இருந்தது சில கோட்டோவியங்களும், மண்ணில் கிடந்தபடி எடுத்த தெளிவில்லாத படங்களும்தான். அதனால் 'அது எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கும்' என்று வெளிநாட்டில் சிலர் சந்தேகப்பட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அதே மாவட்டங்களில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்துக் கிடக்கிறது. பழைய படங்கள் 2022இல் வெளியான பிறகுதான் சந்தேகம் பெருமளவு அடங்கியது. எலும்பு போனது ஒரு நஷ்டம். நல்ல படம் இல்லாததால் முப்பது வருஷம் அது இருந்ததா இல்லையா என்றே அடித்துக்கொண்டது இன்னொரு நஷ்டம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் அதைத் தவிர்க்க ஒரு ஃபிலிம் ரோல் போதும்.

ஏன் நொறுங்குகிறது? கல்லமேட்டு எலும்புகள் சரியாகக் கல்லாகாதவை. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதும், தண்ணீர் விட்டதும் ஊதி மூடிக்கொள்வதும் பார்த்திருப்பீர்கள். எலும்புக்குள் புகுந்த களிமண்ணும் அதையேதான் செய்கிறது. மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான வருஷம் ஒரே நிலையில் கிடந்ததைத் திறந்து, ஒரு மழை ஒரு வெயில் காட்டினால் போதும். நாம் தோண்டி எடுத்த அந்த நாள்தான் அதற்குச் சாவு தொடங்குகிற நாள்.

அப்படியானால் எடுக்கவே கூடாதா? எடுக்கிற முறை இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்தால் நமக்கே பொறுமை போய்விடும். எலும்பை முழுசாகத் திறக்கக் கூடாது, மேல்பக்கம் மட்டும் தெரிந்தால் போதும். சுற்றிலும் பள்ளம் எடுத்து, மண் திட்டு ஒன்றின் மேல் எலும்பை நிற்க விட வேண்டும். விரிசல்களில் மெல்லிய பசைக் கரைசல் விட்டு, அது காய்ந்த பிறகு ஈரக் காகிதம் போர்த்தி, அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த கோணித் துண்டுகளை எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது போலச் சுற்ற வேண்டும். (காகிதத்தை மறந்தால் பிளாஸ்டரைப் பிரிக்கும்போது எலும்பின் தோலும் கூடவே வரும்.) நீள எலும்பு என்றால் மூங்கிலோ கட்டையோ சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு அடியை அறுத்துப் புரட்ட வேண்டும், அதுதான் கண்டம். 2 மீட்டர் எலும்பு மண்ணோடும் பிளாஸ்டரோடும் என்ன கனம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாலு நண்பர்களும் ஒரு டாடா ஏஸும் போதாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. பல் டாக்டர் வைத்திருக்கும் ஊசி, மூங்கில் குச்சி, பெயிண்ட் பிரஷ் இவற்றைக் கொண்டு விரல்கடை விரல்கடையாக மண்ணை எடுக்க வேண்டும். பசை என்றால் ஃபெவிகாலோ எம்-சீலோ இல்லை. அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற பிசின், முதலில் தண்ணீர் மாதிரி, பிறகு கொஞ்சம் கெட்டியாக. நாளைக்கு ஒரு ஆராய்ச்சியாளர் வந்து அதே அசிட்டோனை விட்டால் திரும்பக் கழன்று வரும், அதற்காகத்தான் அது. அசிட்டோன் குபீரென்று பற்றும், அடுப்படிப் பக்கம் ஆகாது. அமெரிக்காவில் 'சூ' என்ற டைரனோசாரஸை 1997இல் ஏலத்தில் எடுத்த சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகம், அதைச் சுத்தம் செய்யவே 25,000 மணி நேரத்துக்கும் மேல் செலவழித்தது. ஒரே ஆள் தினம் 8 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லாமல் செய்தால் எட்டரை வருஷம்! பி.காம். படிக்கிறவன் பாஷையில் சொன்னால், தோண்டுவது மூலதனச் செலவு, அது ஒரு நாள் கூத்து. நடப்புச் செலவுதான் ஆளைக் குடிக்கும். சைக்கிள் செயினே மூன்று மாதத்தில் துருப்பிடிக்கிற எங்கள் ஊர் உப்புக்காற்றில் இன்னும் மோசம். :-)

இவ்வளவு சொன்னதால் 'பொதுஜனம் தொடாதே' கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். மண்ணிலேயே விட்டால் பத்திரம் என்பது அரியலூரில் செல்லாது. அங்கே சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை பாதிக்கு மேல் கிரிஃபியா என்ற பழங்காலச் சிப்பிதான். நம் வீட்டுச் சுவரில் எத்தனை சிப்பி பூசியிருக்கிறோமோ! ஜேசிபி எலும்பைப் பார்த்து நிற்காது. ஓடையில் வெளியே தெரிகிற எலும்பை அடுத்த கார்த்திகை மழை விட்டுவைக்காது. ஆக, ஒரு பக்கம் இயந்திரமும் மழையும், இன்னொரு பக்கம் ஆர்வக்கோளாறில் கடப்பாரை எடுக்கும் நாம்.

2022 டிசம்பரில் மத்திய அரசு புவி மரபுச் சின்னங்களைப் பாதுகாக்க ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. அதிகாரம் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் போகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் எதிர்த்தார்கள். எதிர்த்ததில் எனக்கு உடன்பாடுதான். தடை போட்டால் எலும்பு ஒட்டிக்கொள்ளாது. ஒட்டத் தெரிந்த கை வேண்டும். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கொட்டகை, பத்துப் பேருக்குப் பயிற்சி, கொஞ்சம் பிளாஸ்டர், அசிட்டோன், பிசின். இது பெரிய பட்ஜெட்டே இல்லை. பயிற்சிக்கு முதலில் கூப்பிட வேண்டியது எங்களைப் போன்ற கல்லூரிப் பசங்களை அல்ல, குவாரியில் வேலை செய்பவர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும். தினமும் அந்த மண்ணைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். 2020 அக்டோபரில் குன்னத்தில் தூர்வாரும்போது பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டதே. அம்மோனைட் சார்ந்த படிவுகள்தான், முட்டை இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நாமும் சிரித்தோம். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். கண்ணில் பட்டதை அவர்கள் உடைத்து ரோட்டில் கொட்டவில்லை, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

அந்தக் கொட்டகை வரும்வரை, அந்தப் பக்கம் போகிற யார் கண்ணிலாவது பெரிய எலும்பு பட்டால் கையை வைக்காதீர்கள். பக்கத்தில் டேப்பை விரித்து நாலு பக்கமும் படம் எடுங்கள், செல்போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரிப் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள். வரும்வரை அதே மண்ணை மேலே தள்ளி மூடிவிடுங்கள். தார்ப்பாயை மட்டும் போர்த்திவிட்டு வராதீர்கள், வெயிலில் அடியில் வேர்க்கும்.