பூட்டி வைத்தால் ஏடு பிழைக்காது

கொச்சிக்குச் சுற்றுலா போகும் நம் ஊர்க்காரர்கள், மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட யூதர்களின் பரதேசி ஜெபாலயத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கேட்டால், தரையில் பதித்த சீன ஓடுகளையும் தொங்கும் விளக்குகளையும் சொல்கிறார்கள். எனக்கு அங்கே பெரிதாகப் படுவது தோரா சுருள்தான்.

தோரா என்பது பைபிள் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து ஆகமங்கள். பதப்படுத்திய தோலில் கையால் எழுதி, துண்டுகளைத் தைத்து நீளமாக்கி, இரு முனைகளையும் இரண்டு மரக்கோல்களில் பொருத்திவிடுவார்கள். எபிரேய எழுத்து வலமிருந்து இடம் போவது. ஆகவே வாசிக்க வாசிக்க, இடது கோலில் அவிழ்ந்து வலது கோலில் சுற்றிக்கொள்ளும். எழுதிய தோலை விரலால் தொடமாட்டார்கள். வரியைக் காட்டவும் ஒரு குச்சிதான். ஐரோப்பிய யூதர்கள் சுருளுக்குத் துணியுறை போட்டு வைப்பார்கள். வாசிக்கும்போது மேசைமேல் கிடத்துவார்கள். கொச்சியில் வெள்ளித்தகடு போர்த்திய மரக்கூட்டுக்குள் நிறுத்தியிருப்பார்கள்.

இத்தனை ஆசாரம் பார்ப்பவர்கள் அதை வெறுமனே பூட்டி வைப்பதில்லை. வாரந்தோறும் வாசிக்கிறார்கள். ஓராண்டில் முடித்ததும், அன்றைக்கே முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். ஓர் எழுத்து அழிந்திருந்தாலும், திருத்தும்வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிக்கக்கூடாது. அடிக்கடி விரிப்பதால் பழுதும் உடனே தெரிந்துவிடுகிறது.

நம் முன்னோரும் லேசுப்பட்டவர்கள் அல்லர். ஓலையில் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினார்கள். எழுத்து தெரிய மஞ்சளும் விளக்குக் கரியும் தடவினார்கள். நைந்த ஏட்டைப் புது ஓலையில் பிரதி எடுத்தார்கள். பிறகு வந்தவர்கள்தான் பரணில் போட்டார்கள், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தும் பல நூல்கள் கிடைக்காமலே போயின.

"தொட்டால் பொடிந்துவிடும் சார்" என்பார்கள். தொடாவிட்டால் செல் தின்றுவிடுமே! சரஸ்வதி பூஜையன்று அடுக்கி வைத்த புத்தகத்தை மறுநாள் எடுத்துப் படிக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா வைத்தார்கள்? வீட்டில் சுவடி இருந்தால், சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையோ கேளுங்கள். பழைய பத்திரமோ தாத்தாவின் கணக்கு நோட்டோ இருந்தால், பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு செல்போனில் படமாவது எடுத்து வையுங்கள். எடுக்கும்போது ஒரு பக்கமாவது வாசித்துக் காட்டுங்கள்.

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1948-க்குப் பிறகு இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். சபையில் தோரா வாசிக்கப் பத்து ஆண்களாவது வேண்டும் என்பது அவர்கள் மரபு. உள்ளூரில் இன்று அத்தனை பேர் இல்லை. அங்கே சுருள் இருக்கிறது, வாசிக்க ஆள் இல்லை. நம் வீடுகளில் ஆள் இருக்கிறோம். ஏட்டைத்தான் பிரிப்பதில்லை.