கடைசி ஆளுக்கும் பெட்ட குடுங்க

தைப்பொங்கல் மெட்ச்சுக்கு ரூல்ஸ் எழுத உட்கார்ந்தோம். ஒரு கொப்பித் தாள், அஞ்சு பேர், ஒரு பிளேன்டி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். ரெண்டு ராத்திரி போய்விட்டது. காரணம் ஒரே கேள்விதான்: பந்து போடுறவன் பெட் பண்ணத்தான் வேணுமா?

கொழும்பில் கடை வேலையிலிருந்து லீவில் வந்திருந்த தம்பி ஒருத்தர்தான் ஆரம்பித்து வைத்தார். "ஐபிஎல் மாதிரி இம்பெக்ட் பிளேயர் வைப்போம் அண்ணே. ஆறு ஓவர் மெட்ச்சு. அதுல பவுலர் வந்து நாலு போல் வீணாக்குறத யாரு பாக்குறது? அடிக்கிறவன் அடிக்கட்டும், போடுறவன் போடட்டும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்களில் மூன்று பேர் உடனே தலையாட்டினோம். ரெண்டு ராத்திரி சண்டை போட்ட பிறகு, இதை எழுதும் நாங்கள் எல்லோரும் மறுபக்கம் வந்து நிற்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

இந்தச் சண்டை பட்டிப்பொலைக்குத்தான் புதுசு. அமெரிக்காவின் பேஸ்போலில் இது ஐம்பது வருஷப் பஞ்சாயத்து. எல்லே ஆடியவர்களுக்கு பேஸ்போல் லேசாகப் புரியும்: பந்தை எறிபவர் பிட்சர், அடித்தவர் தளங்களைச் சுற்றி ஓடி வர வேண்டும். அங்கே இரண்டு பெரிய லீக். அமெரிக்கன் லீக் 1973இல் ஒரு விதி கொண்டு வந்தது: பிட்சர் பெட் பிடிக்க வேண்டாம், அவருக்குப் பதிலாக அடிக்க மட்டும் ஓர் ஆள் வரலாம். அந்த ஆளுக்குப் பேர் டெசிக்னேட்டட் ஹிட்டர், சுருக்கமாக டிஎச். நெஷனல் லீக் மாட்டேன் என்று நின்றது. கொவிட் காரணமாக 2020இல் மட்டும் ஏற்றுக்கொண்டது, அடுத்த வருஷம் பழையபடி பிட்சர்களை அடிக்க விட்டது, 2022இல் நிரந்தரமாக இறங்கிவந்தது.

டிஎச் ஆதரவாளர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2021இல் பிட்சர்கள் பெட் பிடித்தபோது பத்துக்கு ஒரு தடவை அளவில்தான் ஒழுங்காக அடித்தார்கள். அடிக்கப் போய், ஓடப் போய்க் காயப்பட்டால் அணிக்கு நட்டம். ஷோஹெய் ஒஹ்தானி முழங்கைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு 2024 முழுக்கப் பந்து எறியவே இல்லை. டிஎச் ஆக அடித்து மட்டும் 50 ஹோம் ரன்னைத் தாண்டினார். அந்த விதி இல்லாவிட்டால் அந்த வருஷம் அவருக்கு இல்லை. இதை மறைத்துவிட்டு வாதாட எங்களுக்கு விருப்பமில்லை.

ஆனா அதே ஒஹ்தானி விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. எறியவும் அடிக்கவும் தெரிந்த ஓர் ஆள் வந்ததும் விதி தடுமாறிப் போனது. பிட்சராகத் தொடங்குபவர், எறிந்து முடித்த பிறகும் டிஎச் ஆக அடித்துக்கொண்டிருக்கலாம் என்று 2022இல் திருத்தம் போட வேண்டி வந்தது. "ஒரு ஆளுக்கு ஒரு வேலை" என்று எழுதிய விதிக்கு, ரெண்டு வேலை தெரிஞ்சவனை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கிரிக்கெட்டும் இதைச் செய்து பார்த்தது. 2005 ஜூலையில் ஐசிசி ஒருநாள் போட்டிகளுக்கு சுப்பர் சப் கொண்டு வந்தது. மாற்று ஆளை டொஸ்ஸுக்கு முன்னமே சொல்ல வேண்டும் என்பதால் டொஸ் வென்ற அணிக்கே லாபம் போனது. ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. 2023இல் ஐபிஎல் இம்பெக்ட் பிளேயரைக் கொண்டு வந்தது. இதில் மாற்று வீரரை மெட்ச் நடக்கும்போதே தெரிவு செய்யலாம். முதலில் பெட் பண்ணினால், அடித்து முடித்த ஒருவரை உட்கார வைத்துவிட்டு ஒரு பவுலரை இறக்கலாம். 2024இல் சன்ரைசர்ஸ் 20 ஓவரில் 287 அடித்தது இந்த விதி இருந்த காலத்தில்தான். அதே வருஷம் ரோஹித் ஷர்மா, இந்த விதி தனக்குப் பிடிக்கவில்லை, சகலதுறை வீரர்கள் வளர்வதைத் தடுக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். கொஞ்சம் போட, கொஞ்சம் அடிக்கத் தெரிந்த ஆள் எதற்கு, ரெண்டுக்கும் தனித்தனி ஆள் இருக்கும்போது?

இப்ப நம்ம ஆளிடம் வருவோம். முத்தையா முரளிதரனின் தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். நம்ம தாத்தாமார் வந்த அதே வழி. முரளியை டீமில் எடுத்தது 800 விக்கெட்டுக்காக, பெட்டுக்காக இல்லை. டிஎச் மாதிரி ஒரு விதி இருந்திருந்தால் முதலில் பெட்டைப் பறிகொடுத்திருப்பவர் அவர்தான்.

2009 ஜனவரி, டாக்கா. முத்தரப்புத் தொடரின் இறுதிப் போட்டி. பங்களாதேஷ் 152. நம்ம டீம் 6 ஓட்டத்துக்கு 5 விக்கெட். சங்கக்கார 59 அடித்துத் தூக்கி நிறுத்தினார், அவரும் போனார். பிறகு முரளி வந்து 16 பந்தில் ஆட்டமிழக்காமல் 33. இலங்கை 2 விக்கெட்டால் வென்றது. 2010 நவம்பர், மெல்பர்ன். 240 தேவை, 107க்கு 8. மெத்யூஸோடு சேர்ந்து மாலிங்க 56 அடித்தார். ஓட்டம் சமமானபோது மாலிங்க ரன் அவுட். பதினோராவது ஆளாக வந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தவர் முரளி. 2019 பெப்ரவரி, டர்பன். குசல் பெரேராவின் 153ஐ எல்லாரும் பேசுகிறோம். மற்றப் பக்கம் 27 பந்து தாங்கி 6 ஓட்டத்தோடு நின்ற விஷ்வ பெர்னாண்டோவும் ஒரு பவுலர்தான். அந்தக் கடைசி விக்கெட் 78 ஓட்டம் சேர்த்தது.

இதெல்லாம் அபூர்வம் என்று தம்பி சொன்னார். உண்மைதான். பத்துத் தடவையில் ஒன்பது தடவை கடைசி ஆள் ஸ்டம்ப் பறந்துதான் திரும்புவார். 2006இல் கிறைஸ்ட்சேர்ச்சில் சங்கக்கார சதம் அடித்ததும், பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது என்பதை மறந்து வாழ்த்தச் சொல்லிக் கிரீஸை விட்டு வெளியே போய் முரளி ரன் அவுட் ஆனார். சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனா அந்தச் சதம் வரும்வரை மற்றப் பக்கம் காவலுக்கு நின்றதும் அவர்தானே.

சர்வதேசக் கதையை விடுவோம். எங்கள் கிரவுண்டுக்கு வாங்க. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் லீக்ஸ் பாத்தி. பாத்திக்குள் பந்து விழுந்தால் ரெண்டு ஓட்டம்தான், மிதித்தால் ஏச்சு வேறு. மூன்று மணிக்கு மேல் மிஸ்ட் இறங்கினால் பவுலர் கையை விட்ட பந்து பெட்ஸ்மனுக்குத் தெரியாது. டீமுக்கு ஒரு பெட், சில நேரம் ரெண்டு டீமுக்கும் ஒன்று. இந்த நிலைமையில் யார் "பவுலர்" ஆகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தோம். சின்னதில் பெட் கைக்கு வராதவன்தான். பெட் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை பெட்ஸ்மன் ஆனான், பந்து பொறுக்கிக் கொடுத்தவன் பவுலர் ஆனான். பிறகு நாமே, "உனக்கு அடிக்க வராதுடா" என்கிறோம். அவனுக்கு அது எப்படி வரும்?

போன வருஷம் எங்கள் டீமின் கடைசி ஆளுக்கு ரெண்டு பந்தில் மூன்று ஓட்டம் தேவைப்பட்டது. முதல் பந்திலேயே போல்ட். தோற்றோம். அன்று இரவு அவரைக் கொஞ்சம் ஏசவும் ஏசினோம், அது எங்கள் பிழை. அடுத்த வாரத்திலிருந்து, மரக்கறித் தோட்ட வேலை முடிந்து வந்து, லயத்துக்கு முன்னால் பலகைத் துண்டு ஒன்றை வைத்து அவர் அடித்துப் பழகுவதைப் பார்க்கிறோம். வரிசையில் அவருடைய பேர் இருப்பதால்தான் பழகுகிறார். பேரை எடுத்துவிட்டால் பலகைத் துண்டும் அடுப்புக்குப் போய்விடும்.

தம்பியின் வாதத்தில் ஒன்றுக்கு மட்டும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. "இம்பெக்ட் வச்சா வெளியில உக்காந்திருக்கிற ஒருத்தனாவது ஆடுவான்ல?" ஒவ்வொரு மெட்ச்சுக்கும் தூரத்து டிவிசனிலிருந்து நடந்து வந்து, தண்ணிப் போத்தல் தூக்கிவிட்டுத் திரும்பிப் போகும் பன்னிரண்டாவது ஆள் நம்ம எல்லார் டீமிலும் இருக்கிறார். அவரை நினைக்காத விதி நல்ல விதி இல்லை.

அதனால் பாதியை எடுத்துக்கொண்டோம். டீமுக்குப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் பெட் பண்ணலாம். பவுலரை உட்கார வைத்து அவரை இறக்குவது இல்லை, பவுலரோடு சேர்த்து இறக்குவது. பந்து போடுவதிலும் அப்படித்தான்: ஆறு ஓவரையும் ஆறு பேர் போட வேண்டும். இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. ஹொங்கொங் சிக்ஸஸ் தொடரின் பழைய விதிப்படி விக்கெட் கீப்பர் தவிர எல்லாரும் ஆளுக்கு ஓர் ஓவர் போட வேண்டும். ஸ்கோர் குறையலாம், சிக்ஸும் குறையலாம். அது பரவாயில்லை என்று முடிவு செய்தோம்.

தம்பிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. மெட்ச் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சரி, பார்க்கட்டும். மெட்ச் காலை எட்டரைக்கே தொடங்கும். மிஸ்ட் இறங்குவதற்கு முன்னால் பன்னிரண்டாவது ஆளும் பெட்டோடு நடந்து போக வேண்டும்.