தாழ்த்திய காரும் பசறை வீதியும்

சித்திரை விடுமுறைக்கு லுணுகலைக்குப் போயிருந்தேன். அக்காவின் மகன் பல வருடச் சேமிப்பைக் கொட்டி, 1990களில் செய்யப்பட்ட ஹொண்டா இன்டெக்ரா ஒன்றை வாங்கியிருக்கிறான். "மாமா, ஷொக் நாலும் மாத்திட்டேன். பசறைக்கு ஒரு ஓட்டம் போவோமா?" என்றான். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே இரண்டு விரலை நுழைக்க இடமில்லாத அளவுக்குக் காரைத் தாழ்த்தியிருந்தான். பசறையை அடைவதற்குள் என் முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியையும் நான் எண்ணி முடித்துவிட்டேன். அதைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. ஒரு வளைவில், நடுவிலிருந்த ஒட்டுத்தாரின் மேட்டைக் கடந்தபோது காரின் பின்பகுதி அரை முழம் வெளிப்புறமாக நகர்ந்தது. அந்த ஓரத்தில் கொழுந்துக் கூடையுடன் இரண்டு பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"ஸ்போர்ட்ஸ் செற்றப் அப்பிடித்தான் மாமா" என்றான் மருமகன்.

அப்படித்தான் அல்ல. நான் கலைப்பட்டதாரி, பொறியியலாளன் அல்லன். ஆயினும் இதனை விளங்கிக்கொள்ள உயர்கணிதம் தேவையில்லை. வாகனத்தின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்; ஷொக் அல்ல. ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவதே ஷொக்கின் வேலை. அதற்குள் எண்ணெயில் ஏறி இறங்கும் பிஸ்டனின் சிறு துவாரங்கள், அந்தத் துள்ளலை வெப்பமாக மாற்றிவிடுகின்றன. இத்தனையும் எதற்காக? டயர் தரையை விட்டு எழும்பாதிருக்க. அந்தரத்தில் நிற்கும் டயருக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ஷொக் அளவுமீறி இறுகியிருந்தால், மேட்டில் சக்கரம் மேலே மடங்காமல் காரையே தூக்கி எறியும். விரியும்போது இறுக்கம் மிகுந்திருந்தாலோ, ஒரு குழியில் அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த குழி வந்துவிடும். கார் படிப்படியாக அமுங்கிக் கடைசியில் ரப்பர்க் கட்டையில் போய் முட்டும். அதன்பிறகு அதற்கும் மாட்டுவண்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை. கண்ணாடி போன்ற பந்தயத் தடத்துக்குப் பொருந்துகிற இறுக்கம், பேராதனை–பதுளை–செங்கலடி வீதிக்குப் பொருந்தாது.

அந்த வீதியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் வீழ்ந்தது. குறைந்தது 14 உயிர்கள் போயின. அதற்கும் ஷொக்குக்கும் முடிச்சுப் போட நான் முனையவில்லை. இந்த மலைப்பாதையில் அரை முழம் என்பது என்ன அளவு என்பதைத்தான் சொல்கிறேன்.

வியாபாரிகளிடம் வருவோம். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பொன்விலை. அவற்றின் ஷொக்குகளோ இருபது வருடங்கள் தாண்டி எண்ணெய் கசிபவை. ஆகவே இளைஞர்கள் பஞ்சிகாவத்தைக்குப் படையெடுக்கிறார்கள். அங்கே 'ரீகண்டிஷன்' ஷொக்கைக் கையால் அமுக்கி விடுகிறார்கள். தண்டு மெல்ல மேலெழுகிறது. "பாத்தீங்களா, புதுசு மாதிரி!" அது உள்ளிருக்கும் நைதரசன் வாயுவின் அழுத்தம். வால்வு தேய்ந்ததா இல்லையா என்பதை அது சொல்லாது. கசிவுத் தழும்பை மறைக்கப் புதுப் பெயின்ற் வேறு!

உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய மலிவான செற்களின் கதையும் இதுவே. அவற்றுட் பலவற்றில் ஸ்பிரிங்கின் தட்டை இறக்கித்தான் காரைத் தாழ்த்த முடியும். இறங்குகிற ஒவ்வோர் அங்குலமும் சக்கரம் மேலெழுவதற்கான இடத்திலிருந்து களவாடப்பட்டது. இறுக்கத்தைக் கூட்டும் திருகைப் பையன்கள் கடைசிக் 'கிளிக்' வரை திருகிவிடுகிறார்கள். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுவருவதாக அவர்களுக்கு நினைப்பு. ஆனால் அது கிரவல் ஓடுபாதை. கிரவலில் ஓடும் கார்களுக்குத் தாராளமாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் வேண்டும். தாழ்த்துவது அதற்கு நேர்மாறு!

குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கவேண்டும். நான் பணிபுரிந்த பத்திரிகையொன்றின் வாகன இணைப்பிதழுக்கு, இத்தகைய விளம்பரத்தைக் கட்டுரையாக மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். 'வீதியோடு ஒட்டிச் செல்லும்' என்று எழுதியது இந்தக் கைதான்.

மருமகனிடம் சொன்னது இதுதான். காரின் மூல உயரத்துக்கென, வீதிப் பாவனைக்கென்றே செய்த புதிய ஷொக்கை வாங்கு. பில்ஸ்டைன், கயாபா, கோனி எதுவானாலும் சரி. நான்குக்கும் காசு போதாதென்றால் ஓர் அச்சின் இரண்டையும் ஒன்றாக மாற்று. ஒருபோதும் ஒற்றையாக மாற்றாதே. மேல் மவுண்டையும் ரப்பர்க் கட்டையையும் புதிதாகப் போட்டு, சக்கரங்களை அலைன் செய்துகொள். திருகு இருந்தால் மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்கி, துள்ளல் அடங்கும் இடத்தில் நிறுத்து. கோனியின் மஞ்சள் நிற ரகத்தில் அந்தத் திருகு விரியும் இறுக்கத்தை மட்டுமே மாற்றும் என்பதையும் தெரிந்துகொள். சில்லறை மிஞ்சினால் நல்ல டயர் வாங்கு.

அன்று அவன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். பழைய செற்றை விற்றுவிட்டானாம்; கார் உயர்ந்துவிட்டதாம். நண்பர்கள் அதனை "கொழுந்து லொறி" என்று அழைக்கிறார்களாம். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைச் சந்தைக்கு அதில்தான் போய்வருகிறாளாம்.