கவர்செட் இல்லாத பைக்குக்கு ஒரு வக்காலத்து

அதிகாலை நாலரை மணிக்கு ஜொகூர் பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே யாரும் மோட்டார் ஓட்டுவதில்லை, உருட்டுகிறோம். கிளட்சைப் பிடி, விடு, ரெண்டடி நகர், மறுபடி பிடி. 1924இல் திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். அதற்கே முக்கால் மணி நேரம் பிடித்த நாள்கள் உண்டு. ஜொகூர் மாசாயிலிருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸுக்குப் பதினோரு வருடமாகப் போய் வருகிறேன். அதில் நாலு வருடம் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கின் மேல் குப்புறக் கவிழ்ந்தபடி.

ஆசைக்குக் காரணம் பாசிர் கூடாங். 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ எங்கள் பக்கத்து ஜொகூர் சர்க்கியூட்டில்தான் நடந்தது. செப்பாங் எல்லாம் அதற்குப் பிறகு. பந்தய வீரர் மிக் டூஹன் பெட்ரோல் டாங்கியோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு போனதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்த நினைப்பில், கையில் காசு சேர்ந்ததும் ஒரு யமஹா ஆர்25 வாங்கினேன். 249 சிசி. என் பி2 லைசன்சுக்கு அதற்கு மேல் போக முடியாது.

அந்தக் குனிவு வேகத்துக்கென்றே அமைந்தது. பைக் பறக்கும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும். நடக்கிற வேகத்தில் காற்று ஏது? உடம்பின் பாரம் மொத்தமும் மணிக்கட்டில் இறங்கும். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் தேநீர்க் கோப்பையை இரண்டு கையால் பிடிப்பேன். கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

ஒரு மழை நாளில், பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் லாரி சிந்திவிட்டுப் போன எண்ணெயில் சறுக்கினேன். எனக்கு முழங்கை சிராய்ப்பு, பைக்குக்கு, உடம்பை மூடும் பிளாஸ்டிக் கவர்செட் இடப்பக்கத்தில் மூன்று துண்டு. அசல் கவர்செட்டின் விலையைக் கேட்டுவிட்டு, அதைக் கழற்றிப் போட்டு ஹேண்டலையும் உயர்த்துவோம் என்று முடிவெடுத்தேன். புது யோசனை ஒன்றுமில்லை. எண்பதுகளில் இங்கிலாந்துக்காரர்கள் விழுந்த ஸ்போர்ட்ஸ் பைக்குக்குப் புதுக் கவர் வாங்க மனமில்லாமல் இப்படித்தான் உரித்து, உயரமான ஹேண்டலைப் பூட்டினார்கள். ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்ற பேர் அப்படி வந்ததுதான். 1994இல் டிரையம்ப் கம்பெனியே ஸ்பீட் டிரிப்பிள் என்று அந்தச் சாயலில் ஒன்றைச் செய்து விற்றது. யமஹாவும் ஆர்25இன் அதே எஞ்சினைக் கவர் இல்லாமல், நிமிர்ந்து உட்கார வைத்து, எம்டி-25 என்று விற்கிறது. கம்பெனி செய்தால் மாடல். நான் செய்தால் தெருவில் பந்தயம் விடும் மாட் ரெம்பிட்டா?

முதலில் போன பட்டறை, பேர் வேண்டாம், ஒரே மத்தியானத்தில் வேலையை முடித்துக் கொடுத்தது. பார்க்க ஜோராக இருந்தது. வீட்டு வாசலில் வலப்பக்கம் திருப்பினேன், எஞ்சின் தானாக உறுமியது. ஹேண்டல் உயர்ந்துவிட்டது, ஆக்சிலேட்டர் கேபிள் பழைய நீளம்தான். திருப்பினால் கேபிள் தன்னை இழுத்துக்கொள்கிறது. முன் பிரேக் குழாயும் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. அது பாலத்தின் நடுவில் பிய்ந்திருந்தால்?

மறுநாள் தாமான் ஓரத்துப் பட்டறை அண்ணனிடம் போனேன். குனிந்து பார்த்தவர், “தம்பி, இது ஹேண்டல் மாத்துற வேலையில்ல, கேபிள் மாத்துற வேலை,” என்றார். எம்டி-25இன் மேல் கிளாம்ப், ஹேண்டல், அதற்கான கேபிள்கள், நீளமான பிரேக் குழாய், விளக்கு என்று கம்பெனி சாமானாகவே பூட்டினார். கவருக்குள் ஒளிந்திருந்த வயர்களை மழை படாமல் சுற்றிக் கட்டவே அரைநாள் போனது. முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி சுவரில் விழவிட்டுச் சரிபார்த்தார். இப்போது மணிக்கட்டு வலி இல்லை. நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டினால் காற்று நெஞ்சில் குத்துகிறது, அது உண்மை. அதனால் நூறைத் தாண்டுவதும் இல்லை.

என் தப்பு ஒன்று உண்டு: யாரையும் கேட்காமல் செய்தேன். அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அதை எனக்கு நினைவூட்டியவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பிறகுதான் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே கவுண்டருக்கு ஓடினேன்.

காதைக் கிழிக்கும் எக்ஸோஸ்டுக்கும் கண்ணில் படாத நம்பர் பிளேட்டுக்கும் சம்மன் கொடுக்கட்டும், கைதட்டுவேன். மணிக்கட்டு வலிக்காக ஹேண்டலை உயர்த்தியவனை அந்த வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை. எது கூடும், எது கூடாது, எதற்குப் பரிசோதனை வேண்டும் என்று ஜேபிஜே ஒரே பக்கத்தில் அச்சடித்து, தமிழிலும் சேர்த்து, ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்டட்டும்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். பட்டறையிலிருந்து பைக்கை எடுக்கும் முன் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறினால் அந்தப் பட்டறைக்குக் காசு கொடுக்காதீர்கள்.