கைடு பார்த்து ஜெயிச்சா அது வெற்றியா? ஏ.ஐ எழுதினா அது நம்ம கோடிங்கா? கோனார் உரை ஊரிலிருந்து ஒரு விளக்கம்

பள்ளி திறக்கும் நேரத்தில் திருச்சி தெப்பக்குளம் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். புத்தகக் கடை வாசலில் நிற்கும் அம்மா, அப்பாக்கள் கேட்பது பாடப்புத்தகம் இல்லை. "பத்தாவது தமிழ் கைடு வந்துடுச்சா?" என்பதுதான் கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு குரல் கேட்கும். "கைடைப் பார்த்து எழுதினா உனக்கு என்னடா வரும்?"

இந்தச் சண்டை இப்போது செல்போனுக்குள்ளும் வந்துவிட்டது. கஷ்டமான பழைய வீடியோ கேமை யூடியூப் பார்த்து முடிப்பது ஆட்டமா, ஏமாற்றா? கோடிங் தெரியாத ஒருவர் ஏ.ஐ-யிடம் சொல்லி ஒரு ஆப் செய்தால், "நான் செய்தேன்" என்று சொல்லலாமா? இரண்டும் வேறு வேறு கேள்வி போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

வைப் கோடிங் என்றால் என்ன?

ஓபன் ஏ.ஐ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆந்த்ரே கர்பாதி, 2025 பிப்ரவரியில் சமூக வலைதளத்தில் போட்ட ஒரு பதிவில் பயன்படுத்திய சொல் இது. என்ன வேண்டும் என்று பேச்சு மொழியில் சொல்வது, ஏ.ஐ தரும் கோடைப் படிக்காமலேயே ஓட்டிப் பார்ப்பது, பிழை வந்தால் அந்தப் பிழையையே திரும்ப ஏ.ஐ-க்குக் கொடுப்பது. இவ்வளவுதான் வைப் கோடிங். அதே ஆண்டு காலின்ஸ் அகராதி இதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வார இறுதியில் விளையாட்டாகச் செய்யும் சின்ன வேலைகளுக்கு இது பரவாயில்லை என்ற அர்த்தத்தில்தான் கர்பாதி சொன்னார். அந்த 'வார இறுதி' என்ற பகுதியைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள்.

கேம் கைடுகள் எப்போதிருந்து இருக்கின்றன?

கேம்கள் வீட்டுக்குள் வந்த காலத்திலிருந்தே இருக்கின்றன. 90-களில் டிவியோடு இணைக்கும் வீடியோ கேமில் 'கான்ட்ரா' ஆடியவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். மேலே இரண்டு முறை, கீழே இரண்டு முறை, இடது, வலது, இடது, வலது, பிறகு பி, ஏ. மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர் கிடைக்கும்.

இந்த கோடை உருவாக்கியவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-இல் 'கிராடியஸ்' என்ற கேமை வீட்டு கன்சோலுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அந்த கேம் அவருக்கே ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அதனால் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. கேமைச் செய்தவருக்கே கைடு தேவைப்பட்டிருக்கிறது!

அமெரிக்காவில் 'ஸார்க்' போன்ற கேம்களை வெளியிட்ட இன்ஃபோகாம் நிறுவனம் 80-களில் செய்தது இதைவிட சுவாரசியம். அவர்கள் விற்ற கைடு புத்தகத்தில் பதில்கள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும். கூடவே வரும் ஸ்பெஷல் பேனாவால் தேய்த்தால்தான் தெரியும். ஒரு கேள்விக்குப் பல பதில்கள் இருக்கும். முதல் வரி லேசான க்ளூ, அடுத்தது கொஞ்சம் தெளிவு, கடைசி வரியில்தான் முழு விடை. எத்தனை வரி தேய்ப்பது என்பது ஆடுபவர் கையில்.

இந்தப் பேனாவை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

(ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க ஆடும் பரமபதத்துக்கு மட்டும் கைடே கிடையாது. அங்கே ஏணியா பாம்பா என்று தாயக்கட்டை முடிவு செய்கிறது. நம் திறமைக்கு வேலை இருக்கும் ஆட்டத்தில்தான் கைடு என்ற பேச்சே வரும்.)

கைடு என்றாலே மோசடியா?

தமிழ் மரபு அப்படிச் சொல்லவில்லை. திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு படித்தவர்கள் ஏராளம். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் சொன்ன விளக்கங்களை அவர் சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்தார். 'ஈடு' என்ற பெயரில் அது இன்றும் படிக்கப்படுகிறது. கடினமான நூலுக்கு உரை தேடுவது இங்கே அவமானமாக இருந்ததில்லை.

அந்த வழியில் வந்ததுதான் கோனார் உரை. திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார் பாடப்புத்தகத்துக்கு உரை எழுத, பழனியப்பா பிரதர்ஸ் அதைப் பதிப்பித்தது. ஆசிரியர் பெயரே கைடுக்குப் பெயராகிவிட்டது. இன்றும் தமிழ்நாட்டில் எந்தச் செய்திக்கும் எளிய விளக்கம் கேட்பவர்கள், "இதுக்கு ஒரு கோனார் நோட்ஸ் போடுங்க" என்கிறார்கள்.

தமிழ் பி.ஏ படித்த எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஒரே உரைநூலை வகுப்பில் இரண்டு விதமாகப் பயன்படுத்துவார்கள். ஒருவர் பாட்டை முதலில் தானே படித்து, புரியாத சொல்லுக்கு மட்டும் உரையைத் திறப்பார். இன்னொருவர் பாட்டையே பார்க்காமல் வினா விடைப் பக்கத்துக்குப் போவார். பரீட்சையில் இருவருக்கும் ஒரே மார்க்கூட வரலாம். பாடத்தில் இல்லாத ஒரு பாட்டைக் கொடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஆய்வு என்ன சொல்கிறது?

துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் நடத்திய ஒரு ஆய்வு 2025-இல் வெளியானது. மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள்.

* முதல் பிரிவு: சாதாரண ஏ.ஐ சாட்பாட். கேட்டால் விடை தரும்.
* இரண்டாம் பிரிவு: விடை தராமல் க்ளூ மட்டும் தரும்படி மாற்றிய சாட்பாட்.
* மூன்றாம் பிரிவு: புத்தகமும் குறிப்பும் மட்டும். ஏ.ஐ இல்லை.

பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு, ஏ.ஐ இல்லாதவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தது. க்ளூ பிரிவு 127 சதவீதம்! பிறகு ஏ.ஐ-யை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். விடை வாங்கிப் பழகிய முதல் பிரிவு, ஏ.ஐ-யே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் கீழே போனது. க்ளூ பிரிவுக்கு அந்தச் சரிவு இல்லை. மூன்றாம் பிரிவுக்குக் கிட்டத்தட்ட சமமாக நின்றது.

அதாவது, க்ளூ வாங்கியவர்கள் பரீட்சையில் பெரிதாக முன்னேறிவிடவில்லை. ஆனால் எதையும் இழக்கவில்லை. விடை வாங்கியவர்கள் இழந்தார்கள். அந்தச் சரிவு பயிற்சி நடக்கும்போது தெரியவே இல்லை என்பதுதான் சிக்கல்.

அனுபவசாலிகளும் இதில் விதிவிலக்கு இல்லை. மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் 16 அனுபவமுள்ள புரோகிராமர்களைச் சோதித்தது. ஏ.ஐ உதவியோடு செய்த வேலைக்கு 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. ஆனால் அவர்களிடம் கேட்டால், 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நினைத்தார்கள். சின்ன ஆய்வு, அப்போதைய ஏ.ஐ. இன்று எண்கள் மாறலாம். ஆனாலும், 'வேகமா முடிஞ்சிடுச்சு' என்ற நம் உணர்வை அப்படியே நம்ப முடியாது என்பது தெரிகிறது.

குகேஷ் கதை சொல்வது என்ன?

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. செஸ் ஆடுபவர்களுக்கு எஞ்சின்தான் கைடு. எந்த நிலைக்கும் சிறந்த நகர்வை நொடியில் காட்டிவிடும். இன்றைய பிள்ளைகள் சின்ன வயதிலேயே அதோடுதான் வளர்கிறார்கள்.

சென்னையின் குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அப்படி வளர்க்கவில்லை. கிராண்ட்மாஸ்டர் அளவான 2500 புள்ளியை எட்டும் வரை எஞ்சின் வேண்டாம், சொந்தமாகக் கணக்குப் போடட்டும் என்று முடிவெடுத்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2019 ஜனவரியில், 12 வயதில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

அதற்காக எஞ்சினை ஒதுக்கினால் சாம்பியன் ஆகலாம் என்று அர்த்தம் இல்லை. பிறகு குகேஷும் எஞ்சின் பயன்படுத்தியவர்தான். கைடு எப்போது வர வேண்டும் என்பதைத்தான் அந்தப் பயிற்சியாளர் யோசித்தார்.

நானும் ஒன்று செய்து பார்த்தேன்

கோடிங்கில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை செல்போனில் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. ஏ.ஐ-யிடம் தமிழிலேயே விதிகளைச் சொன்னேன். சில நிமிடங்களில் திரையில் கட்டமும் காய்களும் வந்துவிட்டன. உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் பாட்டியிடம் கொடுத்தேன். நாலு நகர்வு ஆடிவிட்டுச் சொன்னார்: "என்னடா இது, புலி கோணலா தாண்டுது?"

உண்மைதான். புலி ஒரு ஆட்டை நேர்க்கோட்டில் தாண்டித்தான் வெட்ட வேண்டும். என் புலி வளைந்தும் தாண்டியது. ஏ.ஐ-யிடம் "சரி பண்ணு" என்றேன். ஒரு இடம் சரியானது, இன்னொரு இடம் கெட்டது. ஏழெட்டு முறை இதே கதை. எங்கே தப்பு என்று எனக்குத் தெரியாது. கோடைப் படிக்கவும் தெரியாது.

பிறகு கேள்வியை மாற்றினேன். "கோடு எழுதித் தர வேண்டாம். புலி எங்கே தாண்டலாம் என்று எப்படி முடிவு செய்கிறாய்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்." அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிகளின் பட்டியல் இருந்தது. 'பக்கத்துப் புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளி' எதுவானாலும் புலி தாண்டலாம் என்று அது வைத்திருந்தது. மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்ற விதியே அதில் இல்லை.

பேப்பரில் கட்டத்தை வரைந்து, எந்த மூன்று மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் வருகின்றன என்று நானே எழுதிக் கொடுத்தேன். புலி நேராகத் தாண்ட ஆரம்பித்தது. அந்த கேமில் நான் 'செய்தேன்' என்று தைரியமாகச் சொல்வது அந்தப் பட்டியலை மட்டும்தான்.

ஹாபிதானே, இதில் என்ன போச்சு?

ஹாபியாக இருக்கும் வரை ஒன்றும் போகாது. கதை தெரிந்துகொள்ள மட்டும் ஒரு பழைய கேமை வீடியோ பார்த்து முடிப்பவரை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. பாட்டிக்காகச் செய்த கேமில் புலி கோணலாகப் போனால் சிரித்துவிட்டுப் போகலாம்.

சிக்கல் வருவது இரண்டு இடங்களில்.

ஒன்று, ஹாபி படிப்பாகவும் வேலையாகவும் மாறும்போது. என் சித்தி பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷ புராஜெக்ட்டை ஏ.ஐ வைத்து ஒரே வாரத்தில் முடித்தான். செய்முறைத் தேர்வுக்கு வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த ஒரு இடத்தை மாத்திக் காட்டுப்பா." அவனால் முடியவில்லை. புராஜெக்ட் நன்றாகவே இருந்தது. அதில் அவன்தான் இல்லை.

இரண்டு, அடுத்தவர் தகவல் உள்ளே வரும்போது. கடைக்குக் கடன் கணக்கு ஆப், டியூஷனுக்கு ஃபீஸ் ஆப் என்று செய்து பலர் அதில் வாடிக்கையாளரின் போன் நம்பர்களைப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தகவலை யார் யார் பார்க்க முடியும் என்பது, கோடைப் படிக்காதவருக்குத் தெரியாது. தொழில் செய்பவர்களுக்கே அடி விழுந்திருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஒருவரின் தரவுத்தளத்தை, 'எதையும் மாற்றாதே' என்று சொல்லியிருந்தும் ரெப்லிட் நிறுவனத்தின் ஏ.ஐ அழித்துவிட்டது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

அப்போ எப்படிப் பயன்படுத்துவது?

* முதலில் நீங்களே முயலுங்கள். கேமானாலும் கோடிங் ஆனாலும் ஒரு கால் மணி நேரமாவது மாட்டிக்கொண்டு நில்லுங்கள். எங்கே மாட்டினோம் என்று தெரிந்தால்தான் சரியான கேள்வி வரும்.
* "விடை சொல்லாதே, க்ளூ கொடு" என்று ஏ.ஐ-யிடம் எழுதிவிடுங்கள்.
* ஏ.ஐ தந்ததில் ஒரு சின்ன மாற்றத்தைக் கையால் செய்யுங்கள். நிறமோ, எண்ணோ, எதுவானாலும். மாற்ற முடியவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.
* விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்குக் கோடிங் தெரிய வேண்டும் என்பதில்லை. என் கேமில் பிழையைப் பிடித்தது பாட்டிதான்.
* அடுத்தவரின் போன் நம்பர், பணம், பாஸ்வேர்ட் சம்பந்தப்பட்டால், கோடிங் தெரிந்தவர் பார்க்காமல் யாருக்கும் லிங்க் அனுப்பாதீர்கள்.

இன்ஃபோகாமின் அந்தப் பேனா இப்போது யாரிடமும் இல்லை. ஏ.ஐ கேட்டவுடனே கடைசி வரியைத் தந்துவிடுகிறது. எத்தனை வரி தேய்ப்பது என்பதை இனி நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பின்குறிப்பு: திருத்திய கேமில் பாட்டி நேற்று ஆடு பக்கம் ஆடினார். என் மூன்று புலியையும் அடைத்துவிட்டார். அதற்கு மட்டும் நான் யாரிடமும் க்ளூ கேட்கப் போவதில்லை.