வரி கட்டினால்தான் பணம் வருமா?

தாராசுரத்தில் மூன்று ஏக்கர் குறுவை சாகுபடி செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வந்த பணத்தில் 60,000 ரூபாயை மகன் ஒரு கிரிப்டோ செயலியில் போட்டிருக்கிறார். டெலிகிராம் குழுவில் வந்த செயலி. இப்போது 1,40,000 ரூபாய் இருப்பதாகக் காட்டுகிறது. எடுக்கப் போனால், '30 சதவீத வரி 42,000 ரூபாயை முதலில் கட்டுங்கள்' என்கிறார்களாம். வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டலாமா?

வைக்க வேண்டாம். இனி ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

30 சதவீத வரி என்பது உண்மைதான். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு அது உண்டு. ஆனால் வரி லாபத்துக்குத்தான், போட்ட முதலுக்கு இல்லை. 80,000 லாபத்துக்கு 24,000 ரூபாய், அதன்மேல் கொஞ்சம் செஸ். 42,000 எங்கிருந்து வந்தது? அந்த வரியைப் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குத்தான் கட்டுவார்கள். யாரோ ஒருவருடைய யுபிஐ கணக்குக்கு அல்ல. கட்டினால் அடுத்து 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று கேட்பார்கள். திரையில் தெரியும் 1,40,000 வெறும் எண்.

முதல் வாரம் 2,000 ரூபாய் எடுக்க முடிந்ததே என்கிறார் வாசகர். தூண்டிலில் புழு இல்லாமல் மீன் கடிக்குமா?

2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு பண்ணைகள் மூடியபோது, ஏமாந்தவர்கள் கையில் பறவையாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை. இமாச்சலப் பிரதேசத்தில் 'கொர்வியோ' என்ற நாணயத்தை நம்பிப் பணம் போட்டவர்களில் போலீஸ்காரர்களே ஏராளம். 2023-இல் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து விசாரித்தார்கள். அதனால் வாசகர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை.

விதை நெல் வாங்கும்போது மூட்டையில் சான்றட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். கிரிப்டோ நிறுவனத்துக்கும் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு இருக்க வேண்டும். பதிவு இருந்தால் லாபம் நிச்சயம் என்று அர்த்தமில்லை. விலை எப்போதும் விழலாம்.

இன்றே 1930 எண்ணுக்குப் பேச வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் போன வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய தேதி, யுடிஆர் எண், வங்கிப் பட்டியலோடு தஞ்சாவூர் மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் புகார் தரலாம். 'பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்' என்று யாராவது அழைத்தால் அதுவும் ஏமாற்றுதான்.

மகனைத் திட்டுவதை இரண்டு நாள் தள்ளிப்போடலாம். பயத்தில் அவர் செயலியையும் குழுவையும் அழித்துவிட்டால் புகாருக்கு ஆதாரம் இருக்காது.